புதுப்பிப்பு: வண்டலூரில் கதை சொல்லிவிட்டு வந்தோம்

நான்கு வயது மகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போய், விலங்குகளுக்கு முன்னால் உட்கார்ந்து கதை சொன்னால் கேட்பாளா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சனிக்கிழமை போய் வந்தோம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரோடு.

"செவ்வாய் விடுமுறை, காலையிலேயே போங்க" என்றவர்களுக்கு நன்றி. 600 ஹெக்டேரை ஒரே நாளில் சுற்ற நினைக்கவில்லை. இரண்டே இடம்.

முதலைக்கு முன்னால் குரங்கும் முதலையும் கதை. "இதயத்தை மரத்திலேயே வைச்சிட்டேனே!" என்று குரங்கு சொல்லும் நேரம், கல் மாதிரிக் கிடந்த முதலை மெல்ல வாயைத் திறந்தது. நாலு பேரும் என் மடியில்! சூட்டைத் தணிக்கத்தான் வாயைத் திறக்கும் என்று அப்புறம்தான் சொன்னேன்.

அடுத்து சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்தான் இதற்குச் சொந்த ஊர் என்றேன். "அப்போ அதோட அம்மா அங்கேயா இருக்கு?" என்றாள் மகள். சட்டென்று பதில் வரவில்லை எனக்கு.

அடுத்த முறை தாத்தாவும் வருகிறார். 1985-இல் வண்டலூருக்கு மாறும் முன், மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பழைய பூங்காவின் கதை அவருடையது.