பெரியப்பாவின் அக்கோடியன்: விலை மதிப்பிட உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் பெரியப்பா வாசித்த அக்கோடியன், அவருடைய மறைவுக்குப் பின் என்னிடம் வந்திருக்கிறது. பெரியம்மாவின் வீட்டுக் கூரையைத் திருத்த வேண்டும், அதனால் விற்கப்போகிறோம்.

முழு அளவு வாத்தியம்: வலப்பக்கம் 41 கட்டைகள், இடப்பக்கம் 120 பொத்தான்கள். முகப்பில் ஹோனர் என்று இருக்கிறது. 1857இல் ஜேர்மனியில் தொடங்கிய நிறுவனம். ஆனால் பெயரை விட உள்நிலைதான் விலையைத் தீர்மானிக்கும்.

வார்களை அவிழ்த்து, எதையும் அழுத்தாமல் துருத்தியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மிக மெதுவாகத்தான் இறங்கியது. காற்று அதிகம் கசியவில்லை. குறை வேறிடத்தில். நடுப்பகுதியில் இரண்டு கட்டைகள், துருத்தியை விரிக்கும்போது கணீரென்று ஒலிக்கின்றன, சுருக்கும்போது ஊமையாகிவிடுகின்றன. உள்ளே காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் உலோக நாக்குகள் இரு திசைக்கும் தனித்தனியாக உண்டு. அவை துருப்பிடித்தனவா, அல்லது அவற்றைப் பிடித்திருக்கும் மெழுகு எங்கள் வெயிலில் இளகிவிட்டதா? திறந்து பார்க்கத் துணிவில்லை. தெரியாத கை பட்டால் இருக்கும் சுரமும் கெட்டுவிடும்.

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இதைத் திறந்து பார்க்கக்கூடிய அனுபவசாலி யாராவது இருக்கிறாரா? பழுதுபார்த்து விற்பது நல்லதா, இப்படியே கொடுப்பதா? அண்மையில் வாங்கியவர்கள், விற்றவர்கள் விலையைச் சொல்லுங்கள். வியாபாரி ஒருவர் பார்க்காமலேயே அலங்காரப் பொருளுக்கான விலை பேசுகிறார், மனம் ஒப்பவில்லை. வாசிப்பவர் கைக்கே போக வேண்டும். கேட்பவர்களுக்குப் படங்களும் ஒலிப்பதிவும் அனுப்புகிறேன்.