சந்தேகம்: நீஸ் நகர பென்ஸுக்கு எதற்கு உருண்டை ஹெட்லைட்?

பழையவண்டிப்பித்தன்:
நண்பர்களே, 1969இல் பிரான்சின் நீஸ் நகரத்தில் நடப்பதாக ஒரு படம், எடுத்தது சமீபத்தில்தான். நாயகன் அந்த ஊர் வக்கீல். அவன் ஓட்டுவது மெர்சிடிஸ் 280 எஸ்எல். கறுப்பு நம்பர் பிளேட், கடைசியில் 06. ஆனால் ஹெட்லைட் உருண்டையாக இருக்கிறது. நான் படங்களில் பார்த்த 280 எஸ்எல்லில் நெடுக்காக ஒரே கண்ணாடிதான் இருக்கும். இது வேறு மாடலா, இல்லை யாராவது மாற்றிவிட்டார்களா?

கார்பரேட்டர்:
மாடல் அதேதான், அமெரிக்காவுக்குப் போன வண்டி. அந்த நாட்டுச் சட்டப்படி சீல்டு பீம் விளக்குதான், அதாவது பல்பும் கண்ணாடியும் பிரிக்க முடியாமல் ஒன்றாக மூடிய விளக்குதான், போட வேண்டும், அதனால் அங்கே போனவற்றுக்கு மட்டும் உருண்டை. மட்கார்டுகளின் பக்கவாட்டைப் பாருங்கள். முன்னால் ஆரஞ்சு, பின்னால் சிவப்பு என்று சின்ன வில்லைகள் இருக்கிறதா? 1968 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் அது கட்டாயம். இருந்தால் ஆண்டு சரி, நாடுதான் தப்பு.

பழையவண்டிப்பித்தன்:
ஆமாம், இருக்கிறது! ஆனால் ஓர் அமெரிக்கர் கொண்டுவந்து இவனிடம் விற்றிருக்கலாம் இல்லையா?

ரெட்டை_சிலிண்டர்:
கதைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். தற்காலிகமாக வந்த வண்டி என்றால் சிவப்புப் பிளேட்டில் டிடி (TT) என்று இருக்கும். இதிலோ 06, அதாவது நீஸ் இருக்கும் ஆல்ப்-மாரிட்டீம் மாவட்டத்தின் எண். பிரெஞ்சுப் பதிவு வாங்கிவிட்டால் ஹெட்லைட் மஞ்சளாக எரிய வேண்டும். ராத்திரிக் காட்சியில் என்ன நிறம்?

பழையவண்டிப்பித்தன்:
பளிச்சென்று வெள்ளை. பின்னால் வரும் பிரெஞ்சுக் காரான சிட்ரோயன் டிஎஸ்ஸிலும் வெள்ளைதான். மஞ்சள் விளக்கு பனிமூட்டத்துக்கு மட்டும்தானே?

ரெட்டை_சிலிண்டர்:
இல்லை சார், பிரான்சில் மெயின் ஹெட்லைட்டே மஞ்சள்தான். 1930களின் பிற்பகுதியில் வந்த சட்டம், 1993 வரை இருந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் இன்றும் மஞ்சள் போட்டு ஓட்டலாம், ஆனால் பலர் வெள்ளைக்கு மாறிவிட்டார்கள். படக்குழு வாடகைக்கு எடுத்து அப்படியே ஓட்டியிருக்கும். மஞ்சள் பல்பு என்ன பெரிய செலவா?

கார்பரேட்டர்:
டிஎஸ் முகத்தில் நாலு விளக்கும் கண்ணாடி மூடிக்குள் இருக்கிறதா? இருந்தால் வண்டி சரி. 1967 செப்டம்பருக்குப் பிறகு வந்த முகம் அது. உள்பக்க விளக்குகள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும். அமெரிக்க டிஎஸ்ஸில் மூடியும் கிடையாது, திரும்பவும் திரும்பாது.

அப்புறம் ஒன்று. உருண்டை விளக்கு இல்லை என்பதால் மட்டும் ஐரோப்பிய வண்டி என்று முடிவு கட்டாதீர்கள். இந்த எஸ்எல் நிறைய அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்தவை, வந்ததும் முதலில் மாற்றுவது ஹெட்லைட்டைத்தான். ஸ்பீடோமீட்டரைப் பலர் விட்டுவிடுவார்கள். கிலோமீட்டர் டயல் 200ஐத் தாண்டும், மைல் டயலில் அது வராது.

பழையவண்டிப்பித்தன்:
டேஷ்போர்டு குளோசப்பை நிறுத்திப் பார்த்தேன். மைல் டயல்தான். நன்றி!