வெளிநாட்டுக் காப்புறுதிக் கம்பெனிகள் ஏன் உள்ளூரில் கூட்டுச் சேர்கின்றன?

வெள்ளவத்தைவாசி:
அம்மாவின் ஆயுள் காப்புறுதி ஃபைலைப் புரட்டினேன். பத்திரத்தில் ஈகிள், நடுவில் வந்த கடிதங்களில் அவிவா என்டிபி, இப்போது வரும் ரசீதில் ஏஐஏ. காசோடு வருகிற வெளிநாட்டுக்காரன் தனியாகவே கடை திறக்கலாம்தானே, ஏன் இங்கே ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, அப்புறம் விற்றுவிட்டுப் போகிறான்? போனால் பத்திரத்தின் கதி?

கணக்குப்பிள்ளை:
இந்தியாவில் அதைச் சட்டமே செய்ய வைத்தது. 2000இல் தனியாருக்குத் திறந்துவிட்டபோது வெளிநாட்டுப் பங்கு 26 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றார்கள். 2015இல் 49, 2021இல் 74. ஐசிஐசிஐ புரூடென்ஷியல், பஜாஜ் அலையன்ஸ் என்ற இரட்டைப் பெயர்களெல்லாம் அப்படி வந்தவை. சீனாவில் ஆயுள் காப்புறுதிக்கு 2020 வரை பெரும்பாலும் பாதிக்குப் பாதிதான்.

இங்கே இலங்கையில் அந்தக் கட்டாயம் இல்லை, முழுப் பங்கையும் வெளிநாட்டார் வைத்திருக்கலாம். அப்படியிருந்தும் உள்ளூர் ஆளைத் தேடுவது வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக. ஏஐஏ 2012இல் அவிவா என்டிபியை வாங்கியபோது, என்டிபி வங்கிக் கிளைகள் வழியாகத் தங்கள் காப்புறுதியை விற்க 20 வருட ஒப்பந்தமும் சேர்த்தே போட்டார்கள். என்னைக் கேட்டால் கம்பெனியை விட அந்த வங்கிக் கவுண்டர்தான் பெரிய சொத்து. வீட்டுக்கடனுக்குக் கையெழுத்து வைக்கப் போன மனுஷனிடம் கடன் அதிகாரியே ஒரு காப்புறுதிப் படிவத்தையும் நீட்டினால் யார் வேண்டாம் என்பது?

கொட்டாஞ்சேனை_குமார்:
இந்திய அரசின் எல்ஐசியே 2003இல் இங்குள்ள பார்ட்லீட் கம்பெனியோடு சேர்ந்துதானே கொழும்புக்கு வந்தது. தமிழ் ஆட்களுக்கு எல்ஐசியை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை, ஆனாலும் பார்ட்னர் பிடித்தார்கள்!

விற்றுவிட்டுப் போவதற்கு 2011 சட்டத் திருத்தமும் ஒரு காரணம். ஆயுள் காப்புறுதியையும் பொதுக் காப்புறுதியையும் (வாகனம், தீ மாதிரியானவை) ஒரே கம்பெனி நடத்தக்கூடாது, 2015க்குள் பிரித்துவிடு என்றார்கள். பிரித்தபிறகு ஒரு பாதியை விற்பது லேசு. கனடாவின் ஃபேர்ஃபேக்ஸ், யூனியன் அஷூரன்ஸின் பொதுக் காப்புறுதியை வாங்கி, ஏஐஏயுடையதையும் வாங்கி, இரண்டையும் ஃபேர்ஃபர்ஸ்ட் ஆக்கியது. ஜனசக்தியின் பொதுக் காப்புறுதி 2018இல் அலையன்ஸுக்குப் போனது.

முன்னாள்_முகவர்:
பத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது தம்பி. பங்குகள்தான் கை மாறுகின்றன, அம்மாவோடு ஒப்பந்தம் செய்த கம்பெனி அப்படியே இருக்கிறது, பொறுப்பும் அதற்கே. வாசலில் பெயர்ப் போர்டு மாறியதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அம்மாவைச் சேர்த்துவிட்ட முகவர் இப்போது கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், அதுதான் உண்மையான தலையிடி. பழைய விலாசத்துக்குக் கடிதம் போய்க்கொண்டே இருக்கும், பிரீமியம் விட்டுப்போனால் வந்து சொல்ல ஆள் இருக்காது. அம்மாவின் அடையாள அட்டையோடு கிளைக்குப் போய் விலாசம், ஃபோன் நம்பர், பின்னுரித்தாளி (அம்மாவுக்குப் பிறகு காசு பெறுபவர்) பெயர் மூன்றையும் கம்ப்யூட்டரில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

வெள்ளவத்தைவாசி:
சரி அண்ணா. விலாசம் இன்னும் பழைய வாடகை வீடுதான், திங்கட்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.