சைக்கிள் இருக்கு, ஓட்டவும் தெரியும், ஆனா வேலைக்கு மட்டும் அதுல போக முடியல. எது தடுக்குது?

பின்சக்கரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல 6 கிலோமீட்டர்தான். ஞாயித்துக்கிழமை காலையில ரோடு காலியா இருக்கும்போது சைக்கிள எடுத்துட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா அன்னைக்கு முழுக்க மனசு லேசா இருக்கு. ஆனா திங்கக்கிழமை விடிஞ்சா கை தானா பைக் சாவியத்தான் தேடுது. யார்கிட்ட சொன்னாலும் "எல்லாம் சோம்பேறித்தனம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. எனக்கு அது சரின்னு படல, சோம்பேறியா இருந்தா லீவு நாள்ல மட்டும் எப்படி விடியக்காலையில எந்திரிக்கிறேன்?

போற வழியில ஒரு பெரிய ரவுண்டானா இருக்கு, நாலு பக்கமும் பஸ்ஸு லாரின்னு வந்து சேருற இடம், அத நினைச்சாலே வயித்த கலக்குது. அப்புறம் வேர்வையோட மீட்டிங்ல போய் உக்காரணும், மழை வந்தா என்ன பண்றது, ஆபீஸ்ல சைக்கிள எங்க நிறுத்துறது, இப்படி ஒண்ணு மேல ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கு. இதுல எது பெரிய தடை, எது சரி பண்ணிக்கக்கூடியது? தினமும் ஓட்டுறவங்களும் சொல்லுங்க, கொஞ்ச நாள் ஓட்டிட்டு விட்டவங்களும் சொல்லுங்க. "மனசு வச்சா முடியும்" மாதிரி பதில் மட்டும் வேணாம் ப்ளீஸ்.

---

ஓரப்பாதை:

நண்பா, இது சோம்பேறித்தனம் இல்ல, பயம். அதுவும் நூத்துக்கு நூறு நியாயமான பயம்.

அமெரிக்காவுல போர்ட்லாண்ட் நகரத்துல சைக்கிள் திட்டங்கள கவனிச்சிட்டு இருந்த ரோஜர் கெல்லர்னு ஒரு அதிகாரி 2006 வாக்குல ஊர் ஜனங்கள நாலு கூட்டமா பிரிச்சு பாத்தாரு. எந்த ரோடா இருந்தாலும் இறங்கி ஓட்டுறவங்க 1 சதவீதம்கூட இல்ல, தனி பாதை இருந்தா தைரியமா வர்றவங்க ஒரு 7 சதவீதம், என்ன பண்ணாலும் சைக்கிள தொட மாட்டேங்கிறவங்க 33 சதவீதம், மிச்சம் 60 சதவீதம் பேரு ஆசை இருந்தும் ரோட்ட பாத்து பயந்து நிக்கிறவங்க. அது அவரு அனுபவத்துல போட்ட தோராயக் கணக்குதான், ஆனா பின்னாடி முறையா சர்வே எடுத்தவங்களுக்கும் அந்த பயந்து நிக்கிற கூட்டம்தான் பெருசுன்னு வந்துச்சு. நீங்க அந்த கூட்டத்துலதான் இருக்கீங்க, தனியாள் இல்ல.

பயம் ஏன் நியாயம்னா வேகத்த பாருங்க. நாம சாவகாசமா மிதிச்சா மணிக்கு 15 கிலோமீட்டர். பின்னாடி வர்ற வண்டி 50-ல வந்தா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் தாண்டிடும், டிரைவர் நம்மள பாத்து பிரேக்ல கால் வைக்கிறதுக்குள்ளயே அவ்வளவு தூரம் போயிடும். அதே வண்டி 30-ல வந்தா 8 மீட்டர் சொச்சம்தான். இடிச்சா விழுற அடியோட ஆற்றல் 30-ஐ விட 50-ல ஏறக்குறைய மூணு மடங்கு. இத யாரும் நமக்கு கணக்கு போட்டு சொல்லித்தர வேணாம், உடம்புக்கே தெரியும். பெரிய வண்டி சத்தம் முதுகுக்கு பின்னாடி ஏறும்போது தோள் ரெண்டும் இறுகி ஹேண்டில்பார தேவைக்கு மேல கெட்டியா புடிப்போம், அப்படி புடிக்கும்போதுதான் முன் சக்கரம் இன்னும் ஆடும்.

ரோட்டோரத்துல வெறும் வெள்ளைக்கோடு போட்டு சைக்கிள் படம் வரைஞ்சிட்டா பாதை ஆகிடாது. பெரும்பாலும் அந்த கோட்டுக்குள்ளயே கார் நிறுத்தியிருப்பாங்க, இல்ல நிறுத்தின கார ஒட்டியே கோடு போகும், யாராவது பின்னாடி பாக்காம கதவ திறந்தா நேரா அதுல போய் மோதணும். கல்லோ கட்டையோ வச்சு பிரிச்ச பாதை வேற, பெயிண்ட் வேற. இதுல எனக்கு சமரசமே கிடையாது.

நெதர்லாந்துக்காரங்க பிறவியிலேயே சைக்கிள் ஜனம்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, அது பாதிதான் உண்மை. அங்கயும் 1950, 60-கள்ல கார் பெருகி சைக்கிள் குறைஞ்சிட்டே வந்துச்சு. 1971-ல மட்டும் ரோட்டு விபத்துல 3,000-க்கு மேல செத்தாங்க, அதுல 400-க்கு மேல குழந்தைங்க. பெத்தவங்க ரோட்டுல இறங்கி போராடினாங்க, 1973-ல எண்ணெய் நெருக்கடியும் சேந்துக்குச்சு, அதுக்கப்புறம்தான் அரசாங்கம் பணத்த சைக்கிள் பாதை பக்கம் திருப்புச்சு. க்ரோனிங்கன்னு ஒரு ஊர்ல 1977-ல நகர நடுவ நாலா பிரிச்சு, கார் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நேரா போக முடியாது, வெளிய சுத்துச்சாலைக்கு போய்தான் திரும்ப உள்ள வரணும், சைக்கிளும் நடக்கிறவங்களும் மட்டும் நேரா போகலாம்னு மாத்திட்டாங்க. கடைக்காரங்க பலமா எதிர்த்தும் அது நிலைச்சு நின்னுச்சு. ஜனங்க மனசு வைக்கிறதுக்கு முன்னாடி ரோடு மாறணும்னு நான் சொல்றது இதனாலதான்.

---

மாலைநேரம்:

மேல சொன்னது அத்தனையும் சரி, ஆனா அதுல ஒரு பாதி விட்டுப்போயிருக்கு, அது பொம்பளைங்க பக்கம்.

நான் ரெண்டு வருஷம் போல தினமும் ஓட்டிட்டு விட்டவ. விட்டதுக்கு காரணம் லாரி இல்ல. வேலை முடிஞ்சு வரும்போது ஒரு சுரங்கப்பாதை வழியா வரணும், பாதி லைட் எரியாது, உள்ள இறங்கிட்டா மறுபக்கம் ஏறுற வரைக்கும் ஏத்தத்துல மெதுவாத்தான் மிதிக்க முடியும், அந்த நேரம் பாத்து ஒரு வண்டி பக்கத்துலயே நம்ம வேகத்துக்கு ஒட்டிட்டு வரும், ஏதாவது பேச்சு விழும். கார்ல இருந்தா கண்ணாடிய ஏத்திக்கலாம், சைக்கிள்ல எதுவும் இல்ல. அதனால பாதைய தனியா பிரிச்சா மட்டும் போதாதுங்க, பூங்காவுக்கு உள்ள ஆளே இல்லாத இடமா பாத்து அழகா சைக்கிள் பாதை போட்டுட்டு ராத்திரி லைட் போடலன்னா அந்த பாதை சாயங்காலம் ஆறு மணியோட எங்களுக்கு மூடின மாதிரிதான். வெளிச்சம் வேணும், கடை கண்ணி இருக்கிற தெருவா இருக்கணும், நாலு பேரு கண்ணு படுற இடமா இருக்கணும்.

இன்னொண்ணு, திட்டம் போடுறவங்க எப்பவும் வீட்டுலருந்து ஆபீஸ், ஆபீஸ்லருந்து வீடுன்னு ஒரு கோடுதான் போடுறாங்க. என் நாள் அப்படி இல்ல. புள்ளைய ஸ்கூல்ல விடணும், அப்புறம் வேலை, வர்ற வழியில மருந்து கடை, காய், அம்மா வீட்டுல ஒரு எட்டு. இதுல ஒரே ஒரு இடத்துக்கு சைக்கிள்ல போக முடியலன்னா மொத்த நாளுக்கும் வேற வண்டி எடுத்தாகணும், ஒரு கண்ணி விட்டுப்போன சங்கிலி மாதிரி. புள்ளைய பின்னாடி உக்கார வச்சு ஓட்டும்போது எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம்ங்கிற கணக்கே வேற, தனியா போகும்போது நான் சமாளிக்கிற ரோட்டுல அவள கூட்டிட்டு போக மாட்டேன்.

பொம்பளைங்களுக்கு சைக்கிள் பிடிக்காதுன்னு யாரும் சொல்லிடாதீங்க. நெதர்லாந்துல ஆம்பளைங்கள விட பொம்பளைங்கதான் கொஞ்சம் அதிகமா சைக்கிள்ல போறாங்க. அமெரிக்கா, இங்கிலாந்துல ரோட்டுல பாக்குற சைக்கிள்காரங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. வித்தியாசம் ரோட்டுலதான் இருக்கு. ஒரு ஊர் ரோடு பாதுகாப்பா இருக்கான்னு தெரியணும்னா எத்தனை பொம்பளைங்க, எத்தனை ஸ்கூல் புள்ளைங்க, எத்தனை வயசானவங்க ஓட்டுறாங்கன்னு பாருங்க, அது போதும்.

---

செயின்கவர்:

நான் சைக்கிள் ரிப்பேர் பண்றவன், அதனால வண்டி பக்கத்துலருந்து சொல்றேன். நிறைய பேரு வாங்குறது வேலைக்கு போற சைக்கிளே இல்ல ப்ரோ. மட்கார்ட் கிடையாது, செயின் கவர் கிடையாது, கேரியர், ஸ்டாண்ட், லைட் எதுவும் கிடையாது, குனிஞ்சு ஓட்டுற ஹேண்டில். பாக்க ஜோரா இருக்கும். மழை பேஞ்ச ரோட்டுல ஒரு தடவ போனா பின் சக்கரம் வாரி அடிக்கிற சேறு முதுகுல கோடா நிக்கும், பேண்ட் ஓரம் செயின்ல மாட்டி கருப்பாகும். அதுக்கப்புறம் அந்த வண்டி பால்கனிய விட்டு இறங்காது. வேலைக்குன்னா நிமிந்து உக்காந்து ஓட்டுற வண்டி, முழு மட்கார்ட், செயின் கவர், கேரியர், மணி, முன்னாடி பின்னாடி லைட். முட்டி வலி இருந்தாலோ உடுப்பு இடைஞ்சலா இருந்தாலோ நடு பார் இறக்கமா இருக்கிற ஃப்ரேமா பாருங்க, ஆம்பளைங்களும் தாராளமா ஓட்டலாம்.

வேர்வைக்கு பாதி காரணம் முதுகுல மாட்டுற பை. அத கேரியர்ல கட்டிட்டாலே சட்டை முதுகு காயும். இன்னொரு விஷயம், ஓட்டும்போது காத்து படுறதால தெரியாது, நிறுத்தின உடனேதான் கொட்டும். அதனால கடைசி ஒரு கிலோமீட்டர் நல்லா மெதுவா மிதிங்க, போய் சேந்ததும் ஒரு அஞ்சு நிமிஷம் ஃபேனுக்கு கீழ நின்னுட்டு சட்டைய மாத்துங்க. சீட் உயரமும் பாருங்க, பெடல் அடியில இருக்கும்போது கால் லேசா மடங்கி கிட்டத்தட்ட நேரா இருக்கணும், பல பேரு சீட்ட ரொம்ப இறக்கி வச்சுக்கிட்டு சைக்கிள் கனமா ஓடுதுன்னு சொல்றாங்க. டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் அதே கதைதான்.

ஆனா எல்லாத்துலயும் பெருசு திருட்டு. திருடு போன பலர் அடுத்து சைக்கிளே வாங்குறதில்ல, நான் கண்ணால பாக்குறேன். ஒயர் மாதிரி மெல்லிசு பூட்டு சின்ன கட்டிங் பிளேயருக்கு தாங்காது. யூ வடிவ இரும்பு பூட்டு வாங்கி ஃப்ரேமையும் சக்கரத்தையும் சேத்து, அசையாத கம்பியோட பூட்டணும். அசையாத கம்பி எங்க இருக்குங்கிறதுதான் கேள்வி. நெதர்லாந்துல உட்ரெக்ட்ங்கிற ஊர் ரயில் நிலையத்துல 12,500 சைக்கிள் நிறுத்துற இடம் கட்டியிருக்காங்க, நம்ம கேக்குறது ஒரு ஆபீஸுக்கு பத்து கம்பி.

---

ஏத்தம்:

கொஞ்சம் மாறுபடுறேன். பின்சக்கரத்துக்கு 6 கிலோமீட்டர், அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். எனக்கு 19, நடுவுல ஏத்தம் வேற. தங்கம் மாதிரி பாதை போட்டுக் குடுத்தாலும் தினமும் போக வர 38 கிலோமீட்டர் மிதிச்சிட்டு வேலையும் பாக்க என்னால ஆகாது. வீட்டு வாடகை கட்டுப்படியாகிற இடமும் வேலை இருக்கிற இடமும் தள்ளித் தள்ளி போய்க்கிட்டே இருக்கு, இத சைக்கிள் பாதை மட்டும் சரி பண்ணாது. ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள், அங்கருந்து ரயில், இப்படி சேத்து யோசிச்சாத்தான் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வழி.

ஏத்தத்துக்கு பேட்டரி சைக்கிள் நல்ல பதில்தான். ஐரோப்பாவுல சட்டப்படி மோட்டார் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் தாண்டினா மோட்டார் உதவி நின்னுடும், அதுவரைக்கும் சாதா சைக்கிள் கணக்குதான், லைசென்ஸ் தேவையில்ல. விலைதான் இடிக்குது. திருட்டு பயமும் கூடுது.

யாரும் பேசாத ஒண்ணு, ஆபீஸ்ல கார் நிறுத்த இடம் இலவசம், பெட்ரோலுக்கு அலவன்ஸ், சைக்கிள்ல வர்றவனுக்கு ஒண்ணும் கிடையாது, வாசல்ல செக்யூரிட்டி "இங்க நிறுத்தாத"ன்னு ஒருமையில பேசுவாரு. வசதி இல்லாதவன்தான் சைக்கிள்ல வருவான்கிற பார்வை இன்னும் போகல. வேலைக்கு சேந்த புதுசுல இருக்கிற பசங்களுக்கு அது ரொம்ப வலிக்கும், அத சின்ன விஷயம்னு ஒதுக்காதீங்க.

---

பின்சக்கரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. வேர்வை, மழை, பை எல்லாம் வண்டியில நாலு சாமான் மாத்தினா தீந்துடும் போல. மாலைநேரம் சிஸ்டர் சொன்னத என் தங்கச்சிகிட்ட காட்டினேன், அவளுக்கும் அதே சுரங்கப்பாதை பிரச்சனைதானாம், எனக்கு இதுவரைக்கும் தெரியவே தெரியாது. கடைசியில எனக்கு நிக்கிறது ரெண்டு, அந்த ரவுண்டானா, ஆபீஸ்ல நிறுத்துற இடம். ரவுண்டானாவ எப்படித்தான் தாண்டுறது?

---

ஓரப்பாதை:

தாண்டாதீங்க. பைக்ல போற அதே வழியில சைக்கிள்லயும் போகணும்னு நினைக்கிறதுதான் பல பேரு மாட்டிக்கிற இடம். ஒரு லீவு நாள்ல பின்பக்க தெருக்களா பாத்து ஒரு வழி கண்டுபிடிங்க, ஒரு கிலோமீட்டர் கூடினாலும் நாலு நிமிஷம்தான். தெருவே இல்ல, ரவுண்டானா வழியாத்தான் போகணும்னா முன்னாடியே இறங்கி, நடக்கிறவங்க கடக்கிற இடத்துல தள்ளிக்கிட்டு போங்க, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. லாரி, பஸ் திரும்புற பக்கத்துல அது பக்கவாட்டுல போய் மட்டும் நிக்காதீங்க, டிரைவருக்கு அந்த இடம் கண்ணாடியில தெரியாது. ஒண்ணு நல்லா முன்னாடி போய் அவரு கண்ணுல படுற மாதிரி நில்லுங்க, இல்ல பின்னாடியே நில்லுங்க.

நிறுத்துற இடத்துக்கு தனியா போய் கேக்காதீங்க. சைக்கிள் வச்சிருக்கிற நாலு பேர சேத்துக்கிட்டு, ஒரு கார் நிக்கிற இடத்துல எட்டு பத்து சைக்கிள் நிறுத்தலாம்னு அளந்து படம் போட்டு எழுதிக் குடுங்க. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் கிடைச்சுது, மாடிப்படிக்கு கீழ கூரை உள்ள இடமா, சுவத்துல அடிச்ச கம்பியோட. முதல்ல வாரத்துல ஒரு நாள்னு ஆரம்பிங்க, புது வழி எப்படி இருந்துச்சுன்னு இங்க வந்து எழுதுங்க.