கோசி வெள்ளம்: ஷட்டர் யார் கையில்?

மதகடி: நேபாளத்திலிருந்து பீகாருக்குள் பாயும் கோசி ஆற்றின் கதவணை இருப்பது நேபாளத்தில், இயக்குவது பீகார் அரசு. வெள்ளம் வந்தால், 'நேபாளம் தண்ணீரைத் திறந்துவிட்டது' என்கிறது இந்தப் பக்கம். 'இந்தியா கதவைத் திறக்கவில்லை' என்கிறது அந்தப் பக்கம். எது சரி?

ஆற்றுமணல்: முதலாவது தவறு. திறந்துவிட நேபாளத்தில் கோசிக்குப் பெரிய நீர்த்தேக்கமே கிடையாது. கதவணையும் தேக்கிவைப்பதற்கல்ல. 1954 ஒப்பந்தப்படி இயக்கமும் பராமரிப்பும் இந்தியாவின் பொறுப்பு. ஆனால் இரண்டாவதும் எப்போதும் சரியல்ல: 2024 செப்டம்பர் இறுதியில் வினாடிக்கு 6.61 லட்சம் கன அடி வந்தபோது 56 ஷட்டர்களையும் தூக்கிவிட்டார்கள்.

கரைக்காவல்: ஷட்டரைவிடக் கரையைப் பாருங்கள். 2008 ஆகஸ்ட் 18 அன்று குசஹா என்ற இடத்தில் கரை உடைந்தபோது ஓடியது சுமார் ஒன்றரை லட்சம் கன அடிதான்; வடிவமைப்பு அளவோ 9.5 லட்சம்! வண்டல் படிந்து ஆற்றுப்படுகை மேடானது, நீரோட்டம் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்தது, ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளை அரித்து, பிறகு கரையையே தின்றது. அந்த இடம் நேபாள மண். பழுதுபார்க்க வேண்டியது இந்தியா. கல்லும் ஆளும் எல்லை தாண்டிப் போகவேண்டும். மழைக்கு முன்பே முடிக்காத வேலை முடியாத வேலைதான்.

மதகடி: வெள்ளத்தை முன்கூட்டி அறிய, கதவணைக்கு மேலே நேபாளத்தில் சதராவில் உள்ள நீர் அளவுமானியின் எண்களை நேரடியாகப் பயன்படுத்தலாமா?

ஆற்றுமணல்: கவனமாக. நேபாளம் கன மீட்டரில் தரும், 35.3-ஆல் பெருக்கினால் கன அடி. நேபாள நேரம் 15 நிமிடம் முந்தியது, அதையும் கழியுங்கள். சதராவிலிருந்து கதவணைக்குச் சில மணி நேரமே. ஒரு நாள் அவகாசம் வேண்டுமென்றால் மேலே மலையில் பெய்யும் மழையின் அளவு வேண்டும்.