மறு: யுனிவர்சல் மில்லிங் மெஷினுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பத்து நாளாக இந்த இழையை ஓரமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவன வரலாற்றுக் கட்டுரை மூன்றாம் பத்தியிலேயே நிற்கிறது. 1833-இல் தொடங்கி 1862 வரை ஓடி வந்துவிட்டோம். அதற்கு மேல் ‘யுனிவர்சல் மில்லிங் மெஷின்’ என்ற சொல் வழிமறிக்கிறது. மில்லிங் மெஷின் என்பது சுழலும் பல் கட்டரால் உலோகத்தைச் சீவும் எந்திரம்; தமிழில் துருவல் எந்திரம் என்கிறார்கள். டூல் ரூமில், அதாவது ஆலைக்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் பட்டறையில், முப்பது வருஷம் கழித்தவன் என்ற முறையில் என் பங்குக்கு எழுதுகிறேன்.

> யுனிவர்சல் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஆகவே ‘பொதுத் துருவல் எந்திரம்’ என்பதே நேரான பெயர்.

ஐயா, மன்னிக்க வேண்டும். ‘பொது’ என்று போட்டால் வாசிப்பவர் ‘சாதாரணமானது’ என்றுதான் எடுத்துக்கொள்வார். பட்டறையில் சாதாரணமானது வேறு இருக்கிறது. அதைப் பிளெயின் மில்லிங் மெஷின் என்கிறோம். ‘பொது’ என்ற சொல்லை யாருக்காவது கொடுப்பதென்றால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும். இழையில் வந்த ‘பன்முக’, ‘பல்நோக்கு’ இரண்டும் மருத்துவமனைப் பலகைகளில் தேய்ந்துபோன சொற்கள். ‘சர்வ’ பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

சொல்லை அகராதியில் தேடுவதற்கு முன், அந்த எந்திரம் எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரில், டேவிட் பிரவுனும் மகன் ஜோசப் பிரவுனும் கடிகாரம் பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கியதுதான் பிரவுன் அண்ட் ஷார்ப். லூசியன் ஷார்ப் 1848-இல் அங்கே தொழில் பழக வந்தார், 1853-இல் பங்காளியானார். அளவுகோலில் கோடு போடும் எந்திரம், வெர்னியர் காலிப்பர் என்று நுண்ணிய அளவுக் கருவிகளில் அவர்களுக்குக் கை தேர்ந்திருந்தது. 1858-இல் வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் தையல் எந்திரம் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் வந்தது. ஒரே மாதிரி உதிரிபாகம் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்ற நெருக்கடியை அவர்கள் கற்றது அங்கேதான்.

1861-இல் உள்நாட்டுப் போர். அதே ஊரில் பிராவிடன்ஸ் டூல் கம்பெனி அரசுக்கு ஸ்பிரிங்ஃபீல்டு மஸ்கட் துப்பாக்கி செய்தது. அந்தத் துப்பாக்கியில் ஒரு நிப்பிள் உண்டு. நம் தீபாவளிக் கேப் மாதிரி ஒரு சின்ன வெடிமூடியை அதன் தலையில் மாட்ட வேண்டும்; சுத்தி விழுந்ததும் பொறி நிப்பிளின் ஓட்டை வழியே போய் உள்ளே மருந்தைப் பற்றவைக்கும். அந்த ஓட்டையைப் போட முறுக்கு டிரில் வேண்டும். டிரில்லின் உடம்பைச் சுற்றி ஓடும் காடியை, அதாவது பள்ளத்தை, எப்படி வெட்டினார்கள் தெரியுமா? எஃகுக் கம்பியை வைஸில் கட்டி, எலிவால் அரத்தால் கையாலேயே ராவினார்கள்! ஒரு டிரில் அல்ல, எல்லா டிரில்லும் இப்படித்தான்.

கம்பெனியில் வேலைக்குப் பொறுப்பாக இருந்த ஃபிரெடரிக் ஹோவுக்கு இது பொறுக்கவில்லை. ஜோசப் பிரவுனிடம் வழி கேட்டார். பிரவுன் டிரில் காடிக்கு மட்டும் ஓர் எந்திரம் செய்து கொடுத்திருக்கலாம். அவர் கொஞ்சம் தள்ளி யோசித்தார். ரீமர் (துளையைச் சீவிச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி), மில்லிங் கட்டர், பற்சக்கரம், இன்னும் காடி சுற்றி ஓடும் எந்த வேலையையும் அதே எந்திரத்தில் வெட்ட வழி செய்தார். முதல் எந்திரம் 1862-இல் வந்தது, காப்புரிமை 1865-இல். ‘யுனிவர்சல்’ என்ற பெயர் ஒட்டியது அதனால்தான். என் கண்ணுக்கு அதில் பாதி விளக்கம், பாதி விற்பனை. விற்பனைப் பெயரை நாம் மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்புறம், எது அந்த வேலையைச் செய்தது? இரண்டு விஷயம். ஒன்று, வேலைப்பொருளைக் கட்டருக்குக் கொண்டுபோகும் மேசையை நகர்த்தும் திருகுத்தண்டிலிருந்து பற்சக்கரத் தொடர் போட்டு, மேசை மேல் வேலைப்பொருளைப் பிடித்துத் திருப்பும் டிவைடிங் ஹெட்டையும் சுழற்றினார். மேசை முன்னே போகப் போக, வேலைப்பொருள் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இரண்டு, மேசையையே கிடைமட்டமாகக் கோணத்துக்குத் திருப்பி வைத்தார். இல்லாவிட்டால் கட்டர் காடியின் சுவர்களைக் கடித்து வைக்கும். 20 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளத்தில் ஒரு முழுச் சுற்று என்றால் மேசையை ஏறக்குறைய 27½ டிகிரி திருப்ப வேண்டும். சுற்றளவை நீளத்தால் வகுத்து டேன்ஜென்ட் அட்டவணை பார்த்தால் வந்துவிடும்.

டிவைடிங் ஹெட்டைப் பிளெயின் மெஷினிலும் ஏற்றி வேலை செய்யலாம். திரும்பும் மேசைதான் அதில் கிடையாது. பட்டறையில் புதுப்பையனிடம் ‘யுனிவர்சல் எது?’ என்று கேட்டால், மேசைக்கு அடியில் டிகிரி போட்ட வட்டத்தைத்தான் தேடிப் பார்ப்பான். எனவே என் பரிந்துரை: திருப்புமேசைத் துருவல் எந்திரம்.

> துருவல் சமையலறைச் சொல். ‘அரவை’ இருக்கும்போது ஏன் தேங்காய்க்குப் போக வேண்டும்?

அம்மா, அரவைக்கு நெல்லும் மாவும் இருக்கட்டும். அங்கே பொருள் பொடியாகிறது. இங்கே பொருள் நிற்கிறது, சீவல் மட்டும் உதிர்கிறது. தேங்காய்க்குப் போவதில் எனக்கு வெட்கமும் இல்லை. மேடையில் பொருத்திக் கைப்பிடி சுற்றும் துருவியைப் பாருங்கள்: பல பல் உள்ள தலை சுழல்கிறது, நாம் மூடியைக் கொண்டுபோய் அதில் கொடுக்கிறோம். அசல் மில்லிங். பாட்டி காலத்துத் துருவுபலகையில் பல் அசையாது, கைதான் மூடியைத் திருப்பும். அது கொஞ்சம் கடைசல் ஜாதி. ஆக ‘துருவல்’ நமக்குக் கிடைத்த நல்ல சொல். பாடநூல்களிலும் ஏறிவிட்டது, கலைக்க வேண்டாம்.

அடுத்தது அந்தச் சுற்றி ஓடும் காடி. ‘சுருள்’ என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். கொசுவத்தியும் சுருள், ஸ்பிரிங்கும் சுருள் என்றால் வடிவியல் குழம்பும். கொசுவத்தி தட்டையாக விரிகிறது. டிரில் காடி ஒரு தண்டைச் சுற்றி ஏறிக்கொண்டே போகிறது. பிரவுன் கம்பெனிக்காரர்களே இதைக் குழப்பித் தங்கள் ஹெட்டுக்கு ‘ஸ்பைரல் ஹெட்’ என்று பெயர் வைத்தார்கள். நம்மிடம் ‘புரி’ இருக்கிறது: கயிற்றின் புரி, முப்புரி நூல். தண்டைச் சுற்றி ஏறுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. புரிக்காடி, புரித்துருவல். ‘மரை’யைப் பரிந்துரைத்த கோவை நண்பருக்கு: அது போல்ட்டுக்கும் நட்டுக்கும் உரியது, அங்கேயே இருக்கட்டும். டிரில்லுக்கு மரை என்றால் யாருக்கோ மரை கழன்றுவிட்டது என்பார்கள்.

> அப்படியானால் வலக்கை காடிக்கு ‘வலம்புரி’, இடக்கைக்கு ‘இடம்புரி’. அழகாக அமைகிறதே!

அழகுதான், ஆனால் தலைகீழாகிவிடும். வலம்புரிச் சங்கைப் பொறியாளர் கையில் கொடுத்தால் அதன் புரியை இடக்கைப் புரி என்பார். விலங்கியலாரும் அதை இடப்பக்கச் சங்கு என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்குதான் நம் சாதாரண போல்ட்டின் வலது மரைக்கு, அதாவது வலக்கைப் புரிக்கு, ஒத்தது. சங்கைப் பிடித்துப் பார்க்கும் விதம் வேறு, திருகைப் பார்க்கும் விதம் வேறு. ஆகவே வலக்கைப் புரி, இடக்கைப் புரி என்று கையைச் சேர்த்தே எழுதுவோம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குச் சொந்தக் காரணம் உண்டு. அப்ரண்டிசாக இருந்தபோது, ஒரு பட்டறையில் ரீமர் வெட்டக் கொடுத்தார்கள். பற்சக்கரத் தொடரில் இடைச்சக்கரம் ஒன்றுக்குப் பதில் இரண்டு போட்டுவிட்டேன். ஒன்று கூடினால் சுழற்சித் திசை மாறிவிடும். மேசையை வலக்கைக்குத் திருப்பி வைத்திருக்கிறேன், வேலைப்பொருள் இடக்கைக்குச் சுற்றுகிறது. நல்ல ஹைஸ்பீடு ஸ்டீல் துண்டு ஒன்று பேப்பர் வெயிட் ஆனது. ஃபோர்மேன் திட்டவில்லை, அதை எடுத்து என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் கொடுமை.

> ‘யுனிவர்சல்’ஐ ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி மொழிபெயர்த்தால் ஒருமை போய்விடாதா? யுனிவர்சல் கிரைண்டர், யுனிவர்சல் சக் எல்லாம் என்ன ஆவது?

நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒருமை ஆங்கிலத்திலேயே கிடையாது. வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் யுனிவர்சல் சக்கில் ஒரு சாவியைத் திருப்பினால் எல்லாத் தாடையும் சேர்ந்து நகரும். திரும்பும் மேசைக்கும் அதற்கும் உறவே இல்லை. அதே பிரவுன் 1876-இல் கொண்டுவந்த யுனிவர்சல் கிரைண்டர் என்ற சாணை எந்திரத்தில் மேசையோடு தலைப்பகுதிகளும் திரும்பும். சும்மா உருளைச் சாணை எந்திரத்திலேயே சரிவு பிடிக்க மேசை கொஞ்சம் திரும்பும் என்பதால், அதற்குத் ‘திருப்புமேசை’ ஒட்டாது. அந்த எந்திரம் கட்டுரையில் வரும் இடத்தில் அதற்குத் தனியாக உட்காருவோம். பிரவுன் இறந்ததும் அதே ஆண்டு ஜூலையில்தான். பத்தி அங்கே கொஞ்சம் நிதானமாகப் போகட்டும்.

டிவைடிங் ஹெட்டுக்கு ‘பகுப்புத்தலை’ போதும். நாற்பது முறை கைப்பிடி சுற்றினால் வேலைப்பொருள் ஒரு முறை சுற்றும். வட்டத்தைப் பகுப்பதே அதன் வேலை. நம் ஐ.டி.ஐ. மாணவர்கள் இன்றைக்கும் பிரவுன் அண்ட் ஷார்ப் பிளேட் என்று, கைப்பிடிச் சுற்றை எண்ணிப் பகுக்கப் பகுப்புத்தலையில் மாட்டும் மூன்று தகடுகளின் துளை எண்ணிக்கையை மனப்பாடம் செய்கிறார்கள்: முதல் தகட்டில் 15 முதல் 20 வரை, மூன்றாவதில் 37, 39, 41, 43, 47, 49. அந்தப் பெயர் ஒரு கடையின் பெயர் என்று பல பேருக்குத் தெரியாது. கட்டுரையில் இதை ஒரு வரியாவது சேருங்கள்.

மூன்றாம் பத்தியை இப்படி மாற்றிப் பார்த்தேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்:

“முறுக்கு டிரில்லின் புரிக்காடியை அரத்தால் ராவும் வேலைக்கு மாற்றாக, ஜோசப் பிரவுன் 1862-இல் திருப்புமேசைத் துருவல் எந்திரத்தைச் செய்தார். மேசையின் திருகுத்தண்டு பகுப்புத்தலையையும் சேர்த்துச் சுழற்றியதால், வலக்கைப் புரியோ இடக்கைப் புரியோ, வேண்டிய காடியை அதில் வெட்ட முடிந்தது.”

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டூல் ரூம்காரன்