சிரில் மென்பொருளுக்கு ஸ்டார்நெட் இருக்கும் இடம் தெரியவில்லை

கேள்வி (காரைக்குடி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலாவைப் படம் பிடித்து, வானியல் படங்களைச் செம்மைப்படுத்தும் மென்பொருளான சிரில் 1.2-இல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கி முடித்துவிட்டேன். இந்த ஊரில் துருவ நட்சத்திரம் 10 பாகை உயரத்தில்தான் நிற்கும் என்பதால் பக்கத்து வீட்டு மதில் அதை மறைத்துவிடுகிறது. அதனால் கேமரா தாங்கியை அந்த நட்சத்திரத்தை வைத்துச் சரியாக அமைக்க முடியாமல், 15 வினாடிப் படங்களாகவே எடுக்க நேர்ந்தது. இப்போது நட்சத்திரங்களைத் தனியே பிரிப்பதற்காக ஸ்டார்நெட் என்ற தனி நிரலைத் தரவிறக்கி, அதன் எக்ஸ்இ கோப்பை சிரில் நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே நகலெடுத்து வைத்தேன். ஆனால் நட்சத்திரம் நீக்கும் கட்டளையைக் கொடுத்தால், ஸ்டார்நெட் கிடைக்கவில்லை என்ற பொருளில்தான் செய்தி வருகிறது. கணினியில் இருப்பது விண்டோஸ் 11.

மறுமொழி (தேவகோட்டை):
தம்பி, ஸ்டார்நெட் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று தனக்கென ஜன்னலும் பொத்தான்களும் உடையது. மற்றொன்று கட்டளை வரியில் இயங்குவது. சிரில் அழைப்பது இரண்டாவதை மட்டுமே. நீங்கள் இறக்கியது எது? மேலும், சிரிலின் பிரிஃபரன்சஸில் மிசலேனியஸ் பக்கத்தில் ஃபோல்டரைக் காட்டினீர்களா, கோப்பையே காட்டினீர்களா? கோப்பைத்தான் காட்ட வேண்டும்.

கேட்டவர்:
கட்டளை வரி வகைதான், ஐயா. நீங்கள் சொன்ன இடத்தில் நகலெடுத்து வைத்த கோப்பையே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

மறுமொழி (பள்ளத்தூர்):
கேள்வியிலேயே விடை இருக்கிறது: எக்ஸ்இ கோப்பை மட்டும் நகலெடுத்திருக்கிறீர்கள். அது தனித்து இயங்காது. அதனுடன் வந்த டென்சர்ஃப்ளோ (இயந்திரக் கற்றல் நிரலகம்) டிஎல்எல் கோப்பும், நட்சத்திரங்களை அடையாளம் காணப் பயிற்சியில் கற்றதைச் சேமித்திருக்கும் வெயிட்ஸ் கோப்பும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்குச் சமையற்காரரை அழைத்துவிட்டு, பாத்திரங்களை வண்டியில் ஏற்ற மறந்தது போன்ற நிலை இது. சிரில் அந்த நிரலை ஒருமுறை இயக்கிப் பார்க்கிறது; அது எழுந்திருக்காததால், கோப்பு கண்முன்னே இருந்தும் ஏற்க மறுக்கிறது.

சி டிரைவில் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத பெயருடன் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஜிப் முழுவதையும் அங்கே விரித்து வையுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காமல் இருப்பது நல்லது. அங்கே எழுதுவதற்கு நிர்வாகி அனுமதி தேவைப்படுவதோடு, சிரிலை நீக்கிப் புதிதாக நிறுவும்போது நம் கோப்புகளும் சிக்கலில் மாட்டக்கூடும். சிரிலிடம் காட்டுவதற்கு முன், கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்த ஃபோல்டருக்குச் சென்று நிரலின் பெயரை மட்டும் தட்டிப் பாருங்கள். பயன்படுத்தும் முறையை அது அச்சிட்டால் நலமாக இருக்கிறது என்று பொருள். எதுவும் சொல்லாமல் நின்றுவிட்டால், பிராசசரில் ஏவிஎக்ஸ் என்னும் வேகக் கணக்கீட்டு வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். டென்சர்ஃப்ளோவுக்கு அது தேவை என்பதால் பழைய மடிக்கணினிகள் சில இங்கேதான் தோற்றுப்போகின்றன. வெயிட்ஸ் கோப்பு அதே ஃபோல்டரில் இருக்கும் வரை, சிரிலில் அதற்குரிய பெட்டியைக் காலியாக விட்டுவிடலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. முதலில் பழைய இடத்திலேயே பெயரைத் தட்டிப் பார்த்தேன். டிஎல்எல் இல்லை என்று விண்டோஸ் உடனே ஒரு பெட்டியைக் காட்டியது. முழு ஜிப்பையும் புதிய ஃபோல்டரில் விரித்துப் பாதையை மாற்றியதும் சிரில் ஏற்றுக்கொண்டது. ஆனால் நட்சத்திரங்கள் பாதிக்கு மேல் அப்படியே நிற்கின்றன.

மறுமொழி (தேவகோட்டை):
அடுக்கிய படத்தை ஸ்ட்ரெச் செய்யாமலே, அதாவது மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்காமலே, நேரியல் நிலையில் கொடுத்திருப்பீர்கள். ஸ்டார்நெட் ஜன்னலில், நேரியல் படத்தை முன்கூட்டி ஸ்ட்ரெச் செய்யும் தேர்வில் டிக் வைத்து மீண்டும் இயக்குங்கள்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, ஐயா. நெபுலாவின் நடுவிலுள்ள ட்ரபீசியம் கொத்தின் நான்கு நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் மட்டும் சிறு கறை தெரிகிறது. அதைக் கையால் சரிசெய்துகொள்கிறேன்.